பாட்டிலைக் காட்டிக்கொடுத்த கோடு

வேதியியல் படிக்கப் போனால் கணக்கிலிருந்து தப்பிவிடலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் நம்பினேன். பியுசியில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், கணக்குப் பாடத்தைத் தட்டுத்தடுமாறித் தேறியதும் ஒரு முடிவுக்கு வந்தேன்: இனி இந்தச் சனியனின் முகத்திலேயே விழிக்கக் கூடாது. கொள்ளேகால் கல்லூரியில் வேதியியலோடு தாவரவியலும் விலங்கியலும் சேர்த்து எடுத்தேன். மூன்று வருஷம் நிம்மதியாகப் போயிற்று. ஆய்வகம் எனக்குப் பிடித்துப்போனது. பியூரெட்டின் குழாயை இடது கையால் திருகி, வலது கையால் குடுவையைச் சுழற்றி, நிறம் மாறுகிற அந்த ஒரு சொட்டில் நிறுத்துவது எனக்கு இயல்பாக வந்தது. ராமாபுரத்தில் உரக்கடை வைத்திருக்கும் அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "புள்ள கெமிஸ்ட்ரியில புலி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மேற்படிப்புக்கு மைசூருக்கு வந்த முதல் வாரத்திலேயே அந்தப் புலி பூனையாகிவிட்டது.

இயற்பிய வேதியியல் வகுப்பில் மேடம் உள்ளே வந்தார், வணக்கம் வாங்கிக்கொண்டார், கரும்பலகையின் ஒரு மூலையில் ஆரம்பித்து மறு மூலைவரை எழுதினார். அதில் வேதியியல் எதையும் நான் பார்க்கவில்லை. வளைந்த 'எஸ்' மாதிரி இன்டெக்ரேஷன் குறிகள், மேலே கீழே எண்கள், லாக், மைனஸ். முன்வரிசைக்காரர்கள் தலையாட்டிக்கொண்டே எழுதினார்கள். கணக்கு எடுக்காமல் வந்த நாங்கள் ஏழு பேர் கடைசி வரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்காக வாரத்தில் இரண்டு நாள் மாலை நான்கு மணிக்குத் தனியாகக் கணக்கு வகுப்பு வைத்தார்கள். அதற்கு வந்த இளம் ஆசிரியர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி பாடம் நடத்துவார். நான் எல்லாவற்றையும் அழகாக நோட்டில் எழுதிக்கொள்வேன். ஒன்றும் புரியாது.

சரஸ்வதிபுரத்தில் நான் தங்கியிருந்த பிஜி விடுதியில் என் அறைத்தோழியும் அதே வகுப்புதான். பூர்வீகம் மேல்கோட்டை. கணக்கும் இயற்பியலும் படித்துவிட்டு வந்தவள். நான் அவளிடம் முதல் நாள் கன்னடத்தில்தான் பேசினேன். அவள் வீட்டுக்குப் போன் பண்ணி, "சாத்தமுது நன்னா இல்லேம்மா, வெறும் புளித்தண்ணி" என்று ரசத்தைக் குறை சொல்வதைக் கேட்டு, "அட, நீயும் தமிழா?" என்று கத்திவிட்டேன். அன்றிலிருந்து இருவரும் தமிழில் பேச ஆரம்பித்தோம். அவள் தமிழ் எனக்குச் சிரிப்பாக இருக்கும், என் தமிழ் அவளுக்கு. நான் 'என்னுடைய' என்பதற்கு 'என்ற' என்று சொல்வதை அவள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கிண்டல் செய்வாள்.

அவரைக்காய் உரிப்பது மாதிரி அவள் கணக்குப் போடுவாள். பேசிக்கொண்டே, சாப்பிட்டுக்கொண்டே, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே. ஆனால் ஆய்வகத்தில் அவள் கையில் எதுவும் நிற்காது. முதல் மாதத்திலேயே இரண்டு பிப்பெட்டுகளை உடைத்தாள். டைட்ரேஷனில் நிறம் மாறும் சொட்டைத் தாண்டி இன்னும் பத்துச் சொட்டு விட்டுவிட்டுத்தான் குழாயை மூடுவாள்.

அதனால் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டாயிற்று. "நீ அளந்து குடு. கணக்கு, கிராஃப் எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றாள் அவள். எனக்கு அதைவிட என்ன வேண்டும்? எங்கள் ஜோடியின் ரெக்கார்டு நோட்டுதான் வகுப்பிலேயே சுத்தமானது என்று பெயர் வாங்கியது. உள்ளே இருந்த கணக்கில் ஒரு வரிகூட எனக்குத் தெரியாது.

அது எவ்வளவு நாள் ஓடும்? முதல் வாய்மொழித் தேர்வில் மேடம் என் நோட்டைப் புரட்டி, ஒரு கிராஃபின் மேல் விரல் வைத்து, "இந்தக் கோட்டின் சாய்வு என்ன சொல்கிறது?" என்று கன்னடத்தில் கேட்டார். கோடு சாய்ந்திருக்கிறது என்பது எனக்கும் தெரிந்தது. அது என்ன சொல்கிறது என்று தெரியவில்லை. மேடம் திட்டவில்லை. "நீ அளந்ததுதானே இதெல்லாம்? நீ அளந்தது என்ன பேசுகிறது என்று தெரிந்துகொள்ள உனக்கு ஆசையில்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்தவரை அழைத்தார். அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று இருந்தது. பழைய புத்தகக் கடைக்குப் போய் பியுசி கணக்குப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தேன். காலையில் தோழி எழுவதற்கு முன் ஒரு மணி நேரம் அதைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். அவளிடம் கேட்க வெட்கம்.

இப்படி ஒரு மாதம் போன பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அந்தச் சோதனை வந்தது.

பெர்சல்பேட் கரைசலையும் அயோடைடு கரைசலையும் கலக்க வேண்டும். இரண்டும் தண்ணீர் மாதிரி நிறமற்றவை. கலந்ததும் மெல்ல மெல்ல அயோடின் பிறக்கும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு தேன் நிறம், நேரம் போகப் போக காபி டிகாக்‌ஷன் மாதிரி ஆகும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அதிலிருந்து கொஞ்சம் எடுத்து ஐஸ் தண்ணீரில் விட்டால் வினை அப்படியே நின்றுபோகும். அதுவரை எவ்வளவு அயோடின் பிறந்திருக்கிறது என்று பியூரெட்டால் அளக்க வேண்டும். அதை மொத்தத்திலிருந்து கழித்தால், இன்னும் மாறாமல் மிச்சமிருக்கும் பெர்சல்பேட் எவ்வளவு என்று கிடைக்கும்.

அயோடைடைத் தேவைக்குப் பல மடங்கு அதிகமாக எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அப்படி எடுத்தால் வினையின் வேகம் பெர்சல்பேட்டின் மிச்சத்தை மட்டும் பொறுத்திருக்கும். மிச்சத்துக்கு லாக் எடுத்து நேரத்துக்கு எதிரே குறித்தால் நேர்கோடு வரும். பாடப்புத்தகம் அப்படித்தான் சொன்னது.

தோழி அலமாரியிலிருந்து பாட்டில்களை எடுத்து வந்தாள். அளந்து ஊற்றினாள். பிறக்கும் அயோடினை நான் அளந்தேன். முதல் ஐந்து நிமிஷத்தில் வந்த மஞ்சள், பக்கத்து மேஜைக்காரர்களுடையதைவிட வெளிறியிருந்தது. "கொஞ்சம் கம்மியா இருக்கற மாதிரி இல்ல?" என்றேன். "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். டைம் ஆறது, அடுத்ததை எடு" என்றாள். எடுத்தேன். அன்று என் கை நன்றாக ஓடியது. ஒவ்வொரு அளவையும் இரண்டு முறை எடுத்தேன். ஸ்டார்ச் விட்டதும் வரும் கருநீலம் ஒவ்வொரு முறையும் ஒரே சொட்டில் மறைந்தது.

மறுநாள் காலை பிஜியின் சாப்பாட்டு மேஜையில் தோழி கிராஃப் தாளை விரித்தாள். நான் தட்டு இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். புள்ளிகளை வைத்தாள். ஸ்கேலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வேறு சாய்வில் வைத்தாள்.

"ஏன்டி, நேத்து நன்னாப் பார்த்துதான் பண்ணினியா?"

"ஏன்?"

"வளையறது. கோடு வாழைப்பழமாட்டம் வளையறது. நேரா வரணும்."

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். புள்ளிகள் முதலில் வேகமாக இறங்கி, போகப் போகச் சோம்பல்பட்டு வளைந்திருந்தன.

"நீ கணக்குல எங்கயாச்சும் தப்பு விட்டிருப்ப."

"நானா? லாக் எடுக்கறதுல என்னடி தப்பு வரும்? டைட்ரேஷன்தான் போயிருக்கு. கடைசி ரெண்டு புள்ளியைக் கொஞ்சம் கீழே தள்ளிடலாம். யாருக்குத் தெரியப்போறது?"

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. என்னிடம் இருந்த ஒரே பெருமை அது. "என்ற அளவுல நீ கை வைக்காத. ஒரு சொட்டுகூடத் தப்பு இல்ல. ரெண்டு தடவ பாத்திருக்கேன்."

"'என்ற அளவு'" என்று அவள் பழக்க தோஷத்தில் இழுத்தாள். நான் சிரிக்கவில்லை. இட்லியை அப்படியே வைத்துவிட்டு, அளவுகள் எழுதிய தாளை அவள் முன்னாலிருந்து உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன்.

சனிக்கிழமை மதியம் கொள்ளேகால் பஸ்ஸில் இடம் பிடிப்பது ஒரு போர். நான் சீக்கிரமே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். அப்போது பஸ் பாதி காலி. ஏறுகிறவர்கள் ஏறிய வேகத்திலேயே உட்கார்ந்தார்கள். யாரும் ஒரு நொடிகூட நிற்கவில்லை. சற்று நேரத்தில் இருக்கைகள் குறைந்தன. இப்போது ஏறியவர்கள் எட்டிப் பார்த்தார்கள், பின்னால் போனார்கள், முன்னால் வந்தார்கள். ஒரு பெரியவர், காலியாக இருந்த ஒரே இருக்கையைப் பார்க்காமல் இரண்டு தடவை கடந்து போனார். இருக்கையும் இருந்தது, ஆளும் இருந்தார். இரண்டும் சந்திப்பதற்குத்தான் அவ்வளவு நேரமாயிற்று.

எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

இருக்கைகள் ஏராளமாக இருந்தால், உட்காரும் வேகம் ஆட்களை மட்டும்தான் பொறுத்தது, ஏராளமான அயோடைடுக்கு நடுவே பெர்சல்பேட் மாதிரி. இருக்கைகளும் ஆட்களும் சம அளவில் இருந்தால்? இரண்டும் சேர்ந்து குறையும். போகப் போக ஒன்றை ஒன்று தேடிக் கண்டுபிடிப்பதே பாடு. வேகம் நாம் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகத் தளரும். வளையும். காலையில் பார்த்த அந்த வாழைப்பழம் மாதிரி வளையும்!

தாளை வெளியே எடுத்தேன். பஸ் நகர்ந்துவிட்டிருந்தது. காலை நேரத்தில் அந்தப் பழைய புத்தகத்தோடு மல்லுக்கட்டியதில் இரண்டு வரிகள் மனதில் தங்கியிருந்தன. எக்ஸைக் கீழே வைத்து இன்டெக்ரேட் செய்தால் லாக் வரும். எக்ஸ் ஸ்கொயரைக் கீழே வைத்தால் லாக் வராது, ஒன்றின் கீழ் எக்ஸ்தான் வரும். அன்றுவரை அவை எனக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய இரண்டு வரிகள், அவ்வளவுதான். குலுங்கும் பஸ்ஸில், வளைந்து நெளிந்த எழுத்தில் அந்தச் சமன்பாட்டை முதல் தடவையாக நானே எழுதினேன். வேகம், ஆட்களையும் இருக்கைகளையும் பெருக்கி வருவது. இரண்டும் சமம் என்றால், எக்ஸ் பெருக்கல் எக்ஸ். எக்ஸ் ஸ்கொயர்! அப்படியானால் லாக் இல்லை. ஒன்றை மிச்சத்தால் வகுக்க வேண்டும்.

போனில் கால்குலேட்டரைத் திறந்தேன். முதல் மிச்சம் 16.6. ஒன்றை அதனால் வகுத்து, தொல்லைபிடித்த பூஜ்யங்களைத் தவிர்க்க ஆயிரத்தால் பெருக்கினேன். அறுபது. அடுத்தது 14.3. எழுபது. அடுத்தது 12.4. எண்பத்தொன்று. 11.1. தொண்ணூறு. கடைசியாக 10.0. அதற்குக் கால்குலேட்டர்கூடத் தேவையில்லை. நூறு.

அறுபது, எழுபது, எண்பத்தொன்று, தொண்ணூறு, நூறு. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பத்து. படிக்கட்டு மாதிரி.

"அய்யோ!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பதறிப்போய், "யாகம்மா, ஏனாய்த்து?" என்று என்ன ஆயிற்றென்று கன்னடத்தில் கேட்டார். ஒன்றுமில்லை, கணக்கு சரியாக வந்துவிட்டது என்று அவருக்கும் கன்னடத்திலேயே சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தன் பையை மடியில் இன்னும் நெருக்கி வைத்துக்கொண்டார்.

கொள்ளேகால் பஸ் நிலையத்தில் இறங்கிய உடனே தோழிக்குப் போன் போட்டேன். காலையில் சண்டை போட்டதெல்லாம் மறந்துபோயிருந்தது.

"கிராஃப் தாள் இருக்குதா? எடு. லாக் போடாத. ஒண்ணு பை மிச்சம் போடு."

"எதுக்கு? அது செகண்ட் ஆர்டருக்கு, எக்ஸ் ஸ்கொயர் வந்தாத்தான்."

"போடுடி சொல்றேன்! நான் பஸ்ஸுல போட்டுப் பாத்துட்டேன். அறுபது, எழுபது, எண்பத்தொண்ணு, தொண்ணூறு, நூறு."

மறுமுனையில் பென்சில் உரசுவது கேட்டது. ஹனூர் வழியாகப் போகும் என் பஸ் ஹாரன் அடித்தது. ஒரு கையில் போன், ஒரு கையில் பையோடு ஓடி ஏறினேன்.

"கோடு நேரா வந்துடுத்துடி" என்றாள் அவள். குரல் மாறியிருந்தது. "ஸ்கேலை வைச்சா எல்லாப் புள்ளியும் அதும்மேலயே உட்கார்றது. ஆனா அது எப்படி? அயோடைடு அதிகமா இருந்தா இப்படி வரக்கூடாதே."

"அதிகமா இல்ல. அதத்தான் சொல்றேன். ரெண்டும் சமமா இருந்திருக்குது. அதான் மஞ்ச வெளுப்பா இருந்துச்சு. நேத்து சொன்னனல்ல? நம்ம ஊத்துனது வேற பாட்டிலு."

பென்சிலை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

"பாட்டிலை எடுத்தது நான்தானே" என்றாள் மெதுவாக.

"ஆமா."

"காத்தால உன்னைப் போயி சொன்னேனே."

"செரி விடு. கோடு நேரா வந்துருச்சுல்ல!" என்றேன். உண்மையிலேயே எனக்கு அது மட்டும்தான் மனதில் இருந்தது. அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். பஸ் ஊரைத் தாண்டியதும் சிக்னல் போய்விட்டது.

ராமாபுரத்தில் கடையில் அப்பா மட்டும் இருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உர மூட்டைமேல் உட்கார்ந்து அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், இருக்கை, வளைந்த கோடு, நேரான கோடு. அவர் பாதியில், "இரு கண்ணு. பாட்டில நீ பாக்கவே இல்ல. இங்கிருந்து மைசூரு எங்க இருக்குது? பஸ்ஸுல உக்காந்துட்டு வேற பாட்டில்னு எப்படிச் சொல்ற?" என்று கேட்டார்.

"கோடு சொல்லுதுங்கப்பா."

"கோடு காட்டிக்குடுத்துருச்சுங்கற?" என்றார். சற்று யோசித்துவிட்டு, "போயி பாட்டிலப் பாத்துட்டு எனக்குப் போன் பண்ணு" என்றார். அவர் நம்பவில்லை. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை ஆய்வகம் திறக்கும்போதே நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம். அலமாரியில் ஒரே மாதிரி பழுப்புக் கண்ணாடிப் பாட்டில்கள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் பொட்டாசியம் அயோடைடு என்றுதான் எழுதியிருந்தது. பெயருக்குக் கீழே சின்னதாக வலிமை. ஒன்று அடர்த்தியானது. மற்றது வேறொரு வகுப்பின் சோதனைக்காக நீர்க்கக் கலக்கியது. தோழி இரண்டாவது பாட்டிலைக் கையில் எடுத்தாள். அதன் மூடியின் ஓரம் உடைந்திருந்தது. "இதேதான். மூடி விரல்ல கீறித்துன்னு அன்னிக்குத் திட்டினேன்" என்றாள். பாட்டிலைத் திருப்பி எண்ணைக் காட்டினாள். பெர்சல்பேட்டுக்குச் சமமான வலிமை.

நான் அங்கேயே குதித்தேன். ஆய்வக உதவியாளர் கண்ணாடிச் சாமான் பத்திரம் என்று எச்சரித்தார்.

மேடத்திடம் தோழியே போய்த் தன் தவறை முதலில் சொன்னாள். அது எனக்கு எதிர்பாராதது. சோதனையை மறுபடி செய்யச் சொல்வார் என்று நினைத்தோம். அவர் இரண்டு கிராஃப்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "எதையும் திருத்தவில்லையே?" என்று கேட்டார். தோழி என்னைப் பார்த்தாள். "இவள் விடவில்லை மேடம்" என்றாள்.

"எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று மேடம் என்னிடம் கேட்டார். பஸ் கதையைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். பிறகு சாக்பீஸை என் கையில் கொடுத்து, மொத்த வகுப்புக்கும் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டு என்றார்.

போட்டேன். ஒரு இடத்தில் மைனஸை விட்டுவிட்டேன், முன்வரிசையில் யாரோ சுட்டிக்காட்டினார்கள், திருத்தினேன். கன்னடமும் ஆங்கிலமுமாகக் கலந்து உளறினேன். ஆனால் எக்ஸ் ஸ்கொயர் எங்கிருந்து வருகிறது என்று சொல்லும்போது நான் நோட்டைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையிலிருந்த மற்ற ஆறு பேரும் அன்று எழுதுவதை நிறுத்திவிட்டுப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை அப்பாவுக்குப் போன் செய்தபோது அவர் முதலில் கேட்டது, "பாட்டிலு?" என்றுதான். சொன்னேன். "அடேயப்பா" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் ஒப்பந்தத்தைக் கலைத்தோம். ஒரு வாரம் நான் அளப்பேன், ஒரு வாரம் அவள். அவள் அளக்கும் வாரத்தில் எங்கள் புள்ளிகள் தாள் முழுக்கச் சிதறிக்கிடக்கும். நான் கணக்குப் போடும் வாரத்தில் விடை பல தடவை தப்பாகும். ரெக்கார்டு நோட்டின் அழகு போயிற்று. சண்டை மட்டும் குறையவில்லை.

இரண்டாம் வருஷம் சிறப்புப் பாடமாக இயற்பிய வேதியியலையே எடுத்தேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று என் கொள்ளேகால் தோழிகள் முடிவு செய்தார்கள். பைத்தியம்தான். அங்கே ஒரு நாள் சாயங்களைப் பற்றிய பாடம் வந்தது. சில சாயங்களின் மூலக்கூறில் கார்பன் அணுக்கள் சங்கிலி மாதிரி நீண்டிருக்கும். எலக்ட்ரான்கள் அந்தச் சங்கிலிக்குள் மட்டும், இரண்டு பக்கமும் சுவர் வைத்த பெட்டிக்குள் ஓடுவது மாதிரி ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டியின் நீளம் தெரிந்தால், அந்தச் சாயம் எந்த ஒளியை உறிஞ்சும் என்று கணக்கிட்டுவிடலாம். அதாவது, சாயத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அதன் நிறத்தைச் சொல்லிவிடலாம்.

நிறத்தைச் சொல்லிவிடலாமா! ஆய்வகத்தில் நான் நேசித்ததெல்லாம் நிறம்தானே. மஞ்சளும் ரோஜாவும் கருநீலமும் கண்ணுக்கு முன்னால் வருவதும் மறைவதும்தானே. அது ஏன் அந்த நிறம் என்று நான் கேட்டதே இல்லை.

முதல் சாயத்துக்கு நான்கு தடவை கணக்குப் போட்டேன். மூன்று தடவை எலக்ட்ரான்களைத் தப்பாக எண்ணினேன். நான்காவது தடவை ஐந்நூற்று எழுபத்தெட்டு நானோமீட்டர் என்று வந்தது. சாயத்தை ஆல்கஹாலில் கரைத்தோம், நீலமாக வந்தது. ஒளி உறிஞ்சுவதை அளக்கும் கருவிக்குள் வைத்தோம். திரையில் கோடு மெல்ல மேலே ஏறி, ஒரு சிகரத்தைத் தொட்டு, இறங்கியது. சிகரம் அறுநூற்றைந்தில்.

"இருபத்தேழு தள்ளிப்போயிடுத்து" என்றாள் தோழி.

"தள்ளிப்போனா என்னடி! ஒரு எலக்ட்ரானோட எடை, ஒரு சங்கிலியோட நீளம். வேற என்ன போட்டோம்? அதுல இருந்து இந்த நீலம் வந்துருக்குது!"

மேடம் அடுத்த சாயத்தின் குப்பியை எடுத்தார். இதில் சங்கிலி இன்னும் இரண்டு கார்பன் நீளம். "ஒரு நிமிஷம் மேடம், கரைக்காதீங்க. நிறத்தை முதல்ல கணக்குல பாத்துர்றேன்" என்று கன்னடத்தில் கெஞ்சினேன். மதியச் சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் கைகழுவப் போய்விட்டார்கள். மேடம் குப்பியை மேஜையில் வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். தோழி என் பக்கம் தாளை நகர்த்தினாள். நான் எலக்ட்ரான்களை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன்.